பந்தும் பர்தாவும்



மௌலவி ஒருவர் விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பொறுமையாக வாசியுங்கள். இது பந்து விளையாடிய ஒரு பெண் பிள்ளையின் கதைதான். ஆனால் அதற்குள் ஓர் ஆசிரியரின் தவறும் இருக்கிறது. அந்த ஆசிரியர் நான்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃரிப் தொழுதுவிட்டு வந்து முன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்முனைக் கரையோரத்தில் அந்த நேரம் கடற்காற்று நன்றாக வீசும். தரம் ஒன்பதில் படிக்கும் என் மூத்த மகள், தாயின் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாப்பா, இந்தப் புள்ளயப் பாருங்களேன். முக்காட்டோட விளையாடுறா!"

பார்த்தேன். பளபளக்கும் பலகைத் தளம். உயரமான பெண்கள் நடுவே குட்டையான ஒரு பெண். தலை மறைத்திருந்தது. கை மணிக்கட்டு வரையிலும் கால் கணுக்கால் வரையிலும் மூடியிருந்தது. பந்து அவள் கையோடு ஒட்டிப் பிறந்ததைப்போல் தரையில் தட்டித் தட்டி அவளுடனே ஓடியது. நெட்டையான இருவருக்கு இடையில் நுழைந்தாள். அடுத்த கணம் பந்து வளையத்துக்குள் விழுந்தது.

"வாப்பா, இது கூடுமா கூடாதா?" என்று மகள் கேட்டாள்.

எட்டு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். பதினைந்து வருடத்துக்கும் மேலாக இஸ்லாம் பாடம் படிப்பிப்பவன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், "இஷாவுக்கு நேரமாகுது, போய் வுழூச் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

ஸபா அரசியின் பெயர்

அவர் பெயர் பில்கீஸ் அப்துல் காதிர். சுலைமான் நபி (அலை) அவர்களிடம் வந்து ஈமான் கொண்ட ஸபா நாட்டு அரசியின் வரலாறு குர்ஆனில் சூறா அந்நம்லில் வருகிறது. அங்கே அவருடைய பெயர் சொல்லப்படவில்லை. பில்கீஸ் என்று முற்கால ஆசிரியர்கள் எழுதி வைத்தார்கள். அந்த அரசியின் பெயரைத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று 1990ஆம் ஆண்டு பிறந்த தன் கடைக்குட்டிக்கு வைத்தது. அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள்.

அவர் பிறந்த ஊருக்கும் அவர் ஆடிய ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கூடைப்பந்தாட்டமே அந்த ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில்தான் பிறந்தது. 1891 டிசம்பர் மாதம், வெளியே பனி கொட்டிக் கிடந்த காலம். மாணவர்களைக் கட்டிடத்துக்குள்ளேயே ஓடியாட வைக்க வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் யோசித்தார். பீச் பழம் அடுக்கும் கூடைகள் இரண்டை எடுத்து, பத்து அடி உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். 13 விதிகளை எழுதினார். உதைபந்து ஒன்றைக் கொடுத்து ஆடச் சொன்னார். பந்து கூடைக்குள் விழுந்துவிட்டால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும்! இன்றும் அந்த வளையம் அதே பத்து அடி உயரத்தில்தான் இருக்கிறது.

நம் பெண் பிள்ளைகள் பாடசாலையில் ஆடும் வலைப்பந்து இருக்கிறதல்லவா? அது இந்தக் கூடைப்பந்தின் தங்கைதான். 1890களில் இங்கிலாந்தில் பெண்கள் கல்லூரிகளுக்காகக் கூடைப்பந்தை மாற்றியமைத்தார்கள். அதுவே நாளடைவில் வலைப்பந்தாக வளர்ந்தது. அக்காவின் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடலாம். தங்கையின் ஆட்டத்தில் ஏழு பேர். பந்தைக் கையில் வாங்கியவர் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். வளையத்தின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான்.

பில்கீஸ் சிறு வயதிலேயே தன் பாடசாலையின் பெரிய அணியில் இடம்பிடித்தார். பிறகு அவருக்குப் பதினான்கு வயதானது. ஒன்பதாம் தரத்துக்கு வந்தார். அவர்களுடைய நாட்டில் உயர்பாடசாலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வருடம் பில்கீஸ் ஹிஜாப் அணியத் தொடங்கினார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு இந்த வயது வந்ததும் என்ன நடக்கிறது? முக்காடு வருகிறது, பந்து போய்விடுகிறது. ஒன்றை எடுத்தால் மற்றதை வைத்துவிட வேண்டும் என்று யாரோ எழுதி வைத்ததுபோல் நடந்துகொள்கிறோம். பில்கீஸின் வீட்டில் அப்படி நடக்கவில்லை. சீருடைக்கு உள்ளே நீளக் கைச் சட்டை போட்டார். காலை முழுவதும் மூடும் காற்சட்டை போட்டார். தலையில் இறுக்கமான ஹிஜாப் கட்டினார். பிறகு மைதானத்தில் இறங்கினார்.

2001ஆம் ஆண்டு நியூயோர்க் தாக்குதல் நடந்து சில வருடங்களே கழிந்திருந்த காலம் அது. அமெரிக்காவில் தலையில் துணி கட்டிய பெண் தெருவில் போனாலே திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர் ஆட்டங்களில் பார்வையாளர் பக்கமிருந்து குத்தல் பேச்சு வந்தது. அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பந்தை வளையத்துக்குள் போட்டார்.

எவ்வளவு போட்டார் என்கிறீர்கள்? அந்த மாநிலத்தில் பாடசாலைப் பெண்களுக்கான சாதனை 2,710 புள்ளிகள். அதை வைத்திருந்தவர் ரெபெக்கா லோபோ. பின்னர் 1996 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்ற அணியில் ஆடியவர் அவர். ஆறடிக்கும் மேல் உயரமானவர். ஐந்தடி நான்கு அங்குலமே இருந்த பில்கீஸ் 2009 ஜனவரியில் அந்தச் சாதனையைத் தாண்டினார். பாடசாலையை விட்டுப் போகும்போது அவர் கணக்கில் 3,070 புள்ளிகள் இருந்தன. அன்றைய நாளில் அந்த மாநிலத்தின் ஆண் பிள்ளைகளும் எட்டாத எண்ணிக்கை அது. படிப்பிலும் அவர் முன்வரிசை மாணவி.

அந்த வருட ரமழானில் வெள்ளை மாளிகையில் நடந்த இஃப்தாருக்கு ஜனாதிபதி ஒபாமா அவரை அழைத்தார். தன் பேச்சில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் நன்றாக விளையாடும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில் கொடுத்து அழைக்கும். படிப்புச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும். எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய பாரம் இறங்கும் விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். டென்னஸி மாநிலத்தின் மெம்பிஸ் பல்கலைக்கழகம் பில்கீஸுக்கு இடம் கொடுத்தது.

அங்கே போன முதல் வருடத்திலேயே சோதனை வந்தது. முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் ஆட முடியவில்லை. ஊரில் பேர் பெற்ற பிள்ளை, அந்நிய நகரத்தில், கட்டுப் போட்ட காலோடு ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த பருவத்தில், 2010ஆம் ஆண்டு, எழுந்து ஆடினார். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் முதற்பிரிவில் ஹிஜாப் அணிந்து கூடைப்பந்தாடிய முதல் பெண் என்று அவர் பெயர் பதிவானது.

மெம்பிஸில் பட்டம் பெற்றார். பிறகு இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டே 2013-2014 பருவத்தில் ஆடினார். அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். அடுத்த படி, ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிச் சம்பாதிப்பது. அதற்கான கதவு திறக்கும் நேரம் வந்தது.

கதவு திறக்கவில்லை.

சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தில் ஒரு விதி இருந்தது. தலையில் ஐந்து சென்ரிமீற்றர் அகலப் பட்டி வரை கட்டலாம். அதற்கு மேல் எந்தத் துணியும் கூடாது. பாடசாலையில் ஆடும்போதும் பல்கலைக்கழகத்தில் ஆடும்போதும் யாருக்கும் காயம் உண்டாக்காத அந்தத் துணி, உலக மேடைக்கு வந்ததும் ஆபத்தாகிவிட்டது! ஆடுவதானால் கழற்று, கழற்ற மாட்டாயானால் வீட்டுக்குப் போ. இதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

இந்த விதியால் பட்ட துன்பம் அவருக்கு மட்டுமல்ல. 2014இல் இன்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் நாட்டுப் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே திரும்பியது. அதே வருடம் சீனாவில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்திய அணியின் சீக்கிய வீரர்களிடம் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள்.

பில்கீஸ் அந்த நாட்களில் மனம் உடைந்துபோனார். ஹிஜாபைக் கழற்றிவிடலாமா என்ற எண்ணமும் தனக்கு வந்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு எனக்கு அவர்மீது மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஈமான் உள்ளவர்களுக்கு ஊசலாட்டம் வராது என்று யார் சொன்னது? வந்த பிறகு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் கழற்றவில்லை. ஆட்டத்தை விட்டார். பிறகு மெம்பிஸில் ஓர் இஸ்லாமியப் பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பாளராகி, சிறு பிள்ளைகளுக்குப் பந்தைத் தட்டப் பழக்கினார். விதியை மாற்றக் கோரி நாடு நாடாக எழுந்த குரல்களோடு தன் குரலையும் சேர்த்தார்.

2017 மே மாதம் அந்த விதி மாற்றப்பட்டது. ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. முகம் மூடக்கூடாது, தொங்கும் முனைகள் இருக்கக்கூடாது, கறுப்பு அல்லது வெள்ளை அல்லது சீருடை நிறத்தில் இருக்க வேண்டும். இவைதான் முக்கிய நிபந்தனைகள். எல்லாத் தொல்லையும் ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் நாட்டுக்காக ஆடிய பெண்களுக்கு ஹிஜாப் அனுமதிக்கப்படவில்லை.

விதி மாறியபோது பில்கீஸுக்கு வயது இருபத்தாறு. மூன்று வருடம் ஆட்டத்துக்கு வெளியே நின்றாயிற்று. திறந்த கதவால் அவர் நுழையவில்லை. அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் நுழைந்தார்கள். பொறுமையின் கூலி எப்போதும் பொறுத்தவரின் கையிலேயே, இந்த உலகத்திலேயே வந்து விழும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

என் தவறு

இனி, எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்கிறேன்.

பில்கீஸ் சாதனை படைத்த அதே 2009ஆம் ஆண்டு. நான் ஆசிரிய நியமனம் பெற்று எங்கள் கரையோரத்துப் பாடசாலை ஒன்றுக்கு வந்த புதிது. வயது இருபத்தாறோ இருபத்தேழோ. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு இருந்த காலம்.

பத்தாம் தரத்தில் ஒரு மாணவி இருந்தாள். பெயர் வேண்டாம். வாப்பா கடல் தொழில். 2004 சுனாமியில் வீடு போய், வீட்டுத்திட்டத்துக்குக் குடிவந்த குடும்பம். அங்கே தென்னை மரமொன்றில் பழைய சைக்கிள் றிம்மைக் கட்டி, பின்னேரங்களில் தங்கைமாரோடு பந்து போடுவாளாம். பாடசாலை வலைப்பந்து அணியில் பந்தை வளையத்துக்குள் போடும் பொறுப்பு அவளுடையது. நின்ற இடத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி, கையை உயர்த்தினால் பந்து தவறாது என்று ஆசிரியைமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வருடம் எங்கள் பாடசாலை வலய மட்டத்தில் வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவானது.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய வாப்பா வந்து நின்றார்.

"மௌலவி, புள்ள மாகாணப் போட்டிக்குப் போகணும் எண்டு நிக்கிறா. டீச்சர்மாரும் கூடப் போறாங்களாம். எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவன்."

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? எங்கே போகிறார்கள், யார் கூடப் போகிறார்கள், எங்கே தங்குவார்கள், என்ன உடை, தொழுகைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்க வேண்டும். மார்க்கத் தீர்ப்புச் சொல்பவன் முதலில் விபரம் கேட்க வேண்டும் என்பது அரபுக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

"வயசுக்கு வந்த புள்ளைக்கு இனி என்ன பந்து? வீட்டுல வைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

அந்தப் பிள்ளை போகவில்லை. வேறொரு மாணவியைச் சேர்த்துக்கொண்டு அணி போய் வந்தது. அவள் பிறகு பந்தைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். என் வகுப்பில் வழமைபோல் முன் வாங்கில்தான் இருந்தாள். ஸலாம் சொன்னாள், பாடம் எழுதினாள், சோதனையில் நல்ல புள்ளி எடுத்தாள். ஆனால் முன்பெல்லாம் பாடத்தில் ஆயிரம் கேள்வி கேட்பவள், அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதன் பொருள் எனக்கு விளங்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

அங்கே பில்கீஸைத் தடுத்தவர்கள் அந்நியர்கள். ஐந்து சென்ரிமீற்றர் என்று அளவுகோல் வைத்துத் தடுத்தார்கள். இங்கே இந்தப் பிள்ளையைத் தடுத்தது என் நாக்கு. அதற்கு ஓர் அளவுகோலும் இருக்கவில்லை. அவர்கள் 'துணியைக் கழற்று, ஆடு' என்றார்கள். நான் 'துணியைக் கட்டு, ஆடாதே' என்றேன். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: பந்தும் பர்தாவும் ஒரே பிள்ளையிடம் இருக்க முடியாது. அந்த எண்ணம் பொய் என்பதை ஐந்தடி நான்கு அங்குலப் பெண்ணொருத்தி 3,070 தடவை எண்ணிக் காட்டியிருக்கிறாள்.

நம் பக்கத்துப் பிள்ளை

அமெரிக்கா எங்கே, அம்பாறை எங்கே என்று கேட்பீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் அந்த வார்த்தையைச் சொன்ன காலத்தில் நம் நாட்டு வலைப்பந்து அணியில் தர்ஜினி சிவலிங்கம் ஆடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சகோதரி. ஆறடி பத்து அங்குல உயரம். பள்ளிப் பருவத்தில் அந்த உயரத்துக்காகவே கேலிப்பட்டவர். யுத்த காலத்தில் வளர்ந்து, மட்டக்களப்பைத் தாண்டி வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். நம் பிள்ளைகள் பலரும் படித்த, படிக்கின்ற அதே பல்கலைக்கழகம்.

2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை கிண்ணம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், அத்தனை நாட்டு வீராங்கனைகளையும் விட அதிகமாக 348 தடவை பந்தை வளையத்துக்குள் போட்டார். கேலிக்குக் காரணமாக இருந்த உயரமே நாட்டுக்குப் பயன்பட்டது.

ஒருவர் குட்டை, மற்றவர் நெட்டை. ஒருவரைத் துணிக்காக விரலால் காட்டினார்கள், மற்றவரை உயரத்துக்காக. இருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது. 'வெளியில் என்ன சொன்னாலும் நீ போய் ஆடு' என்று அந்த வீடு சொல்லாதிருந்தால் இருவரின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது.

நம்மிடம் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. வயதுக்கு வந்த பிள்ளையைப் படிக்க அனுப்பலாமா என்று நம் ஊர்களில் ஒரு காலத்தில் தர்க்கம் நடந்ததை நம் மூத்தம்மாமார் சொல்வார்கள். அன்று கூடாது என்று சொன்னவர்களின் பேத்திகள்தான் இன்று ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் காலையில் பஸ் ஏறுகிறார்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமான அந்த இடத்தில் பர்தா அணிந்த நம் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். பர்தா புத்தகத்தைத் தடுக்கவில்லை. அப்படியானால் பந்தை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?

வரையறையும் வழியும்

நான் வரையறையில்லாமல் பேசவில்லை. உலமாக்களிடையே இந்த விடயத்தில் கருத்து வேறுபாடு உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் நமது நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தி ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. முதல் முறை அன்னையவர்கள் வென்றார்கள். சில காலம் கழித்து உடல் சற்றுப் பருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். அந்த முறை நபியவர்கள் வென்று, முந்தியதற்கு இது ஈடு என்ற கருத்தில் சிரித்துப் பேசினார்கள். பெண் ஓடுவதே மானக்கேடு என்றால் இந்தச் செய்தியை நாம் எங்கே வைப்பது?

ஆகவே தாய்மாரே, பிள்ளை விளையாட்டுக்குப் போகக் கேட்டால் 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ உடனே சொல்லாதீர்கள். நான் கேட்க மறந்த கேள்விகளை நீங்கள் கேளுங்கள். பழக்குபவர் ஆசிரியையா? பயிற்சி எங்கே, யார் கண் முன்னால் நடக்கிறது? வெளியூர் போனால் யார் பொறுப்பு? தொழுகை தப்பாதிருக்க என்ன ஏற்பாடு? பதில் திருப்தியாக இருந்தால் மனதார விடுங்கள். குறை இருந்தால், பிள்ளையை நிறுத்துவதற்கு முன் அந்தக் குறையை நிவர்த்தி செய்ய முயலுங்கள். நான்கு தாய்மார் சேர்ந்து அதிபரிடம் போய்ப் பேசினால் மறைப்புள்ள ஓர் இடமும், ஓர் ஆசிரியையும் கிடைக்காமல் போகாது.

உடை விடயம் அதைவிட இலகு. முழங்கை தாண்டிய கைச் சட்டை, தளர்ந்த காற்சட்டை, ஊசி குத்தாமல் தலையில் இறுக நிற்கும் முக்காடு. குண்டூசி வேண்டாம், ஓடும்போது தனக்கும் அடுத்த பிள்ளைக்கும் ஆபத்து. துணி வியர்வையை உறிஞ்சக்கூடியதாக இருக்கட்டும். நம் வீடுகளில் தையல் இயந்திரம் இல்லாத வீடு எத்தனை? ஒரு பின்னேரத்து வேலை அது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பெண் பிள்ளைகள் பாடசாலையில் உட்கார்ந்து, பின்னேர வகுப்பில் உட்கார்ந்து, இரவில் தொலைபேசியோடு உட்காருகிறார்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடாத உம்மா எந்த வீட்டில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். விளையாட்டு வேண்டாம் என்பவர்கள் அந்த மாத்திரைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பார்களா?

ஒரு தேநீரும் ஒரு கேள்வியும்

போன மாதம், மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய மாணவியின் வீட்டுக்குப் போனேன். இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறாள். மூன்று பிள்ளைகளின் தாய். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மௌலவி சேர், வாங்க" என்று உள்ளே அழைத்தாள். அவளுடைய கணவரும் இருந்தார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றி வளைத்துப் பேசினேன். கடைசியில் சொல்லிவிட்டேன்: "மகள், உங்கட வாப்பா அண்டைக்கி என்னட்டக் கேட்டாரு. நான் ஒரு விபரமும் விசாரிக்காமச் சொல்லிட்டன். அது பிழை. நீங்க பொருந்திக்கொள்ளணும்."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நீங்க அத மறந்திருப்பீங்க எண்டுதான் சேர் நினைச்சன்" என்றாள்.

அவள் மறக்கவில்லை என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

தேநீர் வந்தது. என் மனைவியோடு சிரித்துப் பேசினாள். "பொருந்திக்கிட்டன் சேர், அல்லாஹ்வுக்காக" என்றும் சொன்னாள். நாங்கள் எழும்பும்போது வாசல் வரை வந்து, பதினைந்து வருடத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், என்ட மகளுக்கு எட்டு வயசு. அவளும் பந்த விடுறாளில்ல. இன்னும் அஞ்சாறு வருசத்துல இவரு உங்களப்போல ஒரு மௌலவியப் போய்க் கேப்பாரு. அவரு என்ன சொல்லுவாரு?"

அவளுக்கு நான் கொடுக்கும் பதில்தான் இந்தக் கட்டுரை, சகோதரிகளே. இதை வாசிக்கும் மௌலவிமார் யாராவது இருந்தால், பள்ளிவாசல் படியில் நின்று ஒரு தகப்பன் கேட்கும்போது செருப்பைப் போடுவதை நிறுத்திவிட்டு முதலில் விபரம் கேளுங்கள். இதை வாசிக்கும் தாய்மார், மௌலவியிடம் கணவரை அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள்.

என் மகளுக்கும் பதில் சொல்லிவிட்டேன். கேட்டவுடனே அடுத்த வளவுக்கு ஓடிப்போய்த் தோழிக்குச் செய்தி சொல்லிவிட்டு வந்தாள். இப்போது உள்ளே தையல் இயந்திரம் ஓடுகிறது. நீலத் துணி, அவளுடைய இல்லத்தின் நிறம். கையின் நீளத்தைப் பற்றித் தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம் நடக்கிறது. அதில் மட்டும் நான் தலையிடப் போவதில்லை.